பருத்திச் செடியில் வெண்டை இலை

மகனே,

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ போன் செய்தபோது நான் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவில் களை எடுக்கும் பவர் வீடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன். நீ சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். எழுத்தில் பார்த்தால் அது எப்படி இருக்கிறதென்று உனக்கே தெரியும். "அப்பா, நம்ம கடையில மருந்து வாங்குற வளர்மதி அக்கா பருத்தி இருக்குல்ல, அதுல இலையெல்லாம் வெண்டை இலை மாதிரி விரல் விரலாப் போயிடுச்சுப்பா. நுனி கொக்கி கணக்கா வளைஞ்சு நிக்குது. முதலாளி, சாறு உறிஞ்சும் பூச்சின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்கிறாரு. திங்கக்கிழமைக்குள்ள வயலப் பாத்து எழுதுன சீட்டு குடுக்கணும். என்னப்பா எழுதறது?" கடையிலிருந்து இரவல் கொடுத்த தெளிப்பான் டேங்க் எங்கே என்று கேட்டேன். "ரிப்பேருன்னு சொல்லி அக்காகிட்டருந்து வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாய். அந்த ஒரு வார்த்தையிலேயே முடிந்தது விஷயம். காரணம் தெரியாதவன் டேங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரமாட்டான். உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்னிடம் கேட்கிறாய். நான் "பூச்சின்னே எழுதுடா" என்று சொல்லிவிட்டால் அந்தப் பாரத்தில் பாதியை என் தலையில் இறக்கிவிடலாம் என்று பார்த்தாய்.

நான் கோபத்தோடு எழுதுகிறேன். ஆனால் அந்தக் கோபத்தில் முக்கால்வாசி உன்மேல் இல்லை. அது யார்மேல் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம். மகனுக்குக் கடிதம் எழுதுகிறவன் தலை நரைத்தவனாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு நாற்பத்திரண்டு. உன்னோடு பஸ்ஸில் போனால் அண்ணனா என்று கேட்கிறார்கள். பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிற ஆளும் நான் இல்லை. உன் அம்மாதான் உட்கார வைத்தாள். "போன்ல சொன்னா அவன் 'சரிப்பா, சரிப்பா'ம்பான், வச்சுடுவான். எழுதிக் குடுங்க. நான் நாளைக்கு பஸ் ஏறிப் போயி கையில குடுத்துட்டு, படிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்திருக்கேன்" என்றாள். இப்போது உன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்க்காமல் படி. இதை நீ வேறு யாரிடம் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. மருந்துக்கடை வைத்திருக்கிறவர்கள் படித்தால் நல்லது.

முதலில் டேங்க் விஷயம். மருந்து வாங்கினால் தெளிப்பான் ஒரு நாளைக்கு இனாம் என்று உங்கள் கடை வாசலில் போர்டு தொங்குகிறது அல்லவா, அது முதலாளியின் யோசனை இல்லை. என்னுடையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதே கடையில், நீ இப்போது உட்காரும் அதே இடத்தில், விவசாய டிப்ளமா முடித்த திமிரோடு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது பெரம்பலூர், அரியலூர் முழுக்க மக்காச்சோளம் ஏறிக்கொண்டிருந்த நேரம். பருத்தி போட்ட கரிசலில் பாதி மக்காச்சோளத்துக்கு மாறியது. பயிர் மாறினாலும் களை மாறவில்லை. சாரணை, பார்த்தீனியம், தொய்யக்கீரை, கோரை, அருகு என்று மழை பெய்து பத்தாம் நாள் தரை தெரியாது. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் கடையில் வந்து புலம்பினார்கள். என்னிடம் பதில் இருந்தது. டூ-ஃபோர்-டி. அகல இலைக் களையைக் கொல்லும், மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது. இரண்டு வருடம் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

பாடாலூர் பக்கம் ஒரு வயலில் செயல்விளக்கம் வைத்தேன். நானே தெளித்தேன். அன்று அந்த வயலில் களை எடுக்க வந்திருந்த பன்னிரண்டு பெண்களை வரப்பில் நிற்கச் சொன்னார் வயல்காரர். அதில் ஒருத்தி உன் அம்மா. நீ அப்போது நாலாவதோ அஞ்சாவதோ படித்துக்கொண்டிருந்தாய். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் சாரணை முறுக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. வயல்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அப்படி ஒரு பெருமை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா, பாத்தோம். பன்னெண்டு பேரு பத்து நாளு பாக்குற வேலைய ஒரே ஆளா ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டீங்க. உங்களுக்குப் படிப்பு வந்துச்சு, எங்களுக்கு சீட்டு கிழிஞ்சுது. இன்னிக்கு கீரையும் இல்ல. மடியில கட்டியாற தொய்யக்கீரைய நீங்கதான் கருக்கிட்டீங்களே, ரசம்தான், உக்காருங்க." நான் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கூட்டத்தில் நாலு பேர் அந்த வருடமே திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பிறகு "களை எடுக்க ஆள் கிடைக்கல" என்று விவசாயிகள் சொன்னபோது அது உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது. அதை உண்மையாக்கினதில் எனக்கும் பங்கு உண்டு.

மருந்து விற்றது. ஆனால் பாதிப் பேரிடம் தெளிப்பான் இல்லை. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. கடையே ஒரு தெளிப்பான் வாங்கி இனாமாகக் கொடுத்தால் மருந்து இன்னும் போகும் என்றேன். முதலாளி யோசித்தார். இரண்டு வாங்க வேண்டும், களைக்கொல்லிக்குத் தனி, பூச்சிமருந்துக்குத் தனி என்று நான் எழுதிவைத்திருந்தேன். எழுதினது என்ன, பரீட்சையிலேயே எழுதி மார்க் வாங்கினவன் நான். டூ-ஃபோர்-டி அடித்த தெளிப்பானில் பருத்திக்கு எதுவும் அடிக்கக் கூடாது. டேங்க், குழாய், வாஷர், நாசில் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சலவை சோடா கரைத்து ஊறவைத்து மூன்று நான்கு தரம் அலசினாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. பருத்தி அந்த மருந்தின் வாசத்துக்கே வளையும் பயிர். இதெல்லாம் தெரியும். முதலாளி "எதுக்குய்யா ரெண்டு? ஒண்ணுக்கே யோசனையா இருக்கு" என்றார். யோசனையே நழுவிப் போய்விடுமோ என்று பயந்து, "ஒண்ணு போதுங்க சார், அலசிக்கலாம்" என்றேன். யார் அலசுவது? வாங்கிப் போகிறவர் அலச வேண்டும். அவருக்கு யார் சொல்வது? நான். நான் சொன்னேனா? "நல்லா ஒரு தண்ணி அலசிக்குங்க" என்று கூட்டத்துக்கு நடுவில் சொன்னேன். அவ்வளவுதான்.

ஏலாக்குறிச்சிப் பக்கம் சவரிமுத்து என்று ஒரு விவசாயி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கடைக்கு வந்தால் "என்ன மருந்து சார், எங்கள எப்பக் கொல்லப் போறீங்க" என்று கிண்டல் செய்துகொண்டேதான் உள்ளே வருவார். இரண்டு ஏக்கர் பருத்தி வைத்திருந்தார். அதை ஒட்டிக் கிழக்கே அவர் தம்பி அருளப்பனுக்கு மக்காச்சோளம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே களம். பருத்தி ஐம்பது நாள் பயிராக, சப்பையும் மொட்டுமாக நின்றபோது சவரிமுத்து கடைத் தெளிப்பானை வாங்கிக்கொண்டு போய்ப் பூச்சிமருந்து அடித்தார். ஒரு வாரத்தில் கூப்பிட்டார். போனேன். "என்ன தம்பி இது, பருத்தி வெண்டையா மாறுது? வெத மாத்திக் குடுத்துட்டீங்களா? சாம்பாருக்கு ஆவுமா?" என்று சிரித்துக்கொண்டே காட்டினார். எனக்கு ஐந்து விநாடி கூட ஆகவில்லை. இலை குறுகி, நரம்பெல்லாம் வெளுத்து நேர்கோடாக, காம்பு முறுக்கி நின்றது. கல்லூரியில் படமாகப் பார்த்தது அப்படியே கண்ணெதிரே நின்றது. அவர் அடித்ததற்கு முந்தின நாள் அந்தத் தெளிப்பான் எந்த மக்காச்சோளத்துக்குப் போய் வந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தேன். முதல் இலையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. நாலாவது இலையில் ஒரு தத்துப்பூச்சி இருந்தது. ஒன்றே ஒன்று. எந்தப் பருத்தி வயலில் தேடினாலும் ஒன்று கிடைக்கும். "பாருங்கண்ணே, தத்துப்பூச்சி" என்று காட்டினேன். நான் காட்டின பூச்சி பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. மருந்து எழுதிக் கொடுத்தேன். அவர் அதே டேங்கை மறுபடி வாங்கிக்கொண்டு போனார். இந்தத் தரம் நானே அலசிக் கொடுத்தேன். ஒரு தண்ணிக்குப் பதில் இரண்டு தண்ணி. ஏற்கெனவே அடிபட்ட பயிர்மேல் மறுபடியும் அது ஏறியது. பூச்சிக்கு என்று நான் கொடுத்த ஒவ்வொரு மருந்தும் அந்த டேங்க் வழியாகத்தான் போனது.

மூன்றாம் தரம் நான் போனபோது அவர் சிரிக்கவில்லை. வரிசை வரிசையாக நடந்து பார்த்திருக்கிறார். "தம்பி, பூச்சிக்கு இப்படி நூல் புடிச்சாப்ல வரிசை பாத்துத் திங்கத் தெரியுமா?" என்று கேட்டார். அவரே தொடர்ந்தார்: "எங்க அருளு அந்த வாரந்தான் சோளத்துக்குக் களை மருந்து அடிச்சான். காத்துல வந்திருக்குமோ?" அப்போது நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "இருக்கலாங்கண்ணே."

இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். காற்றில் வந்திருந்தால் அருளப்பன் வயலை ஒட்டிய கிழக்கு ஓரம்தான் மோசமாக இருந்திருக்க வேண்டும். அங்கே செடி கொஞ்சம் தேவலையாக இருந்தது. மேற்கே, பாதையோரம், அவர் முதல் டேங்க் நிரப்பி அடிக்க ஆரம்பித்த இடத்தில்தான் எட்டு வரிசை அடியோடு போயிருந்தது. இரண்டாவது டேங்க் போன இடத்தில் கொஞ்சம் குறைவு, மூன்றாவதில் இன்னும் குறைவு. டேங்கில் ஒட்டியிருந்தது கழுவிக் கழுவி வயலிலேயே இறங்கின கணக்கு அது. மண்ணில் விரலை வைத்துக் காட்டியிருந்தால் அவருக்கே புரிந்திருக்கும். காட்டவில்லை. "இருக்கலாம்" என்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வேலை தப்பித்தது.

அவர் பருத்தியில் ஆட்டை விட்டு மேயவிட்டார். அதோடு முடிந்திருந்தால் ஒரு போகம் போனது என்று இருந்திருக்கும். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். கிணற்றில் முறை வைத்துக்கொண்டார்கள். களத்தின் நடுவில் சுவர் எழுப்பினார்கள். கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க இருவரும் ஒரே பக்கம் தோள் கொடுக்கவில்லை. அருளப்பன் ஊரெல்லாம் சத்தியம் பண்ணினாராம், நான் காற்று அடங்கின பிறகுதான் அடித்தேன் என்று. யாரும் நம்பவில்லை. படித்த மருந்து சாரே சொல்லிவிட்டாரே. இதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயால் என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டே பில் போட்டேன்.

என் மருந்தும் என்னைக் கைவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். சாரணையும் பார்த்தீனியமும் செத்த இடத்தைக் கோரையும் அருகும் எடுத்துக்கொண்டன. போட்டி போட ஆள் இல்லாத வயலில் அவை ராஜா மாதிரி பரவின. நாலாவது வருடம் நான் செயல்விளக்கம் வைத்த அந்த வயலில் மக்காச்சோளத்துக்குக் கீழே பாய் விரித்த மாதிரி கோரை. வயல்காரர் "இதுக்கு என்ன மருந்து?" என்றார். அதற்கும் ஒரு பாட்டில் இருந்தது, அதற்கு அடுத்ததற்கும் ஒரு பாட்டில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டேன். நல்லவனாக மாறிவிட்டதால் விட்டேன் என்று நினைத்துவிடாதே. கேட்கிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் விட்டேன்.

உன் பாடப்புத்தகத்தில் ஒருங்கிணைந்த களை மேலாண்மை என்று ஒரு வட்டம் போட்டிருக்கும். உழவு, பயிர்ச்சுழற்சி, ஊடுபயிர், கைக்களை, கருவி, கடைசியில் மருந்து. உதாரணம் எல்லாம் கோதுமை. பெரம்பலூரில் கோதுமை பாக்கெட்டில் மாவாகத்தான் வரும் என்று நீ சிரித்திருக்கிறாய். சிரிக்காதே. வடக்கே கோதுமைக்குள் கோதுமை மாதிரியே வேஷம் போட்டு நிற்கும் ஒரு புல்லுக்கு வருடா வருடம் ஒரே மருந்தை அடித்தார்கள், அந்தப் புல் மருந்துக்குப் பழகிவிட்டது, இப்போது விதைக்கும் தேதியிலிருந்து வைக்கோல் மூடாக்கு வரைக்கும் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பயிர்தான் வேறு. முட்டாள்தனம் நம்முடையதேதான். அந்த வட்டத்தை நீ நாலு வருடம் படித்தாய். கடையில் அந்த வட்டத்திலிருந்து ஒரே ஒரு துண்டை வெட்டி எடுத்து அதற்கு மட்டும் போர்டு மாட்டியிருக்கிறோம்.

நம் மூன்று ஏக்கரில் நான் இப்போது செய்வதை நீ பார்த்திருக்கிறாய். லீவில் வந்து போனை நோண்டிக்கொண்டு பார்த்ததால் மறுபடி சொல்கிறேன். சித்திரை மழைக்கு ஆழ உழுது கோரைக் கிழங்கை வெயிலில் காயவிடுகிறேன். விதைப்பு மழை பெய்ததும் எல்லோரும் விதைக்க ஓடும்போது நான் ஓடுவதில்லை. பத்து நாள் காத்திருந்து, முளைத்த களையை மேலாக உழுது கொன்றுவிட்டுத்தான் விதைக்கிறேன். அந்தப் பத்து நாளும் பக்கத்து வயல்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு அந்தப் பத்து நாள் பெரிய தண்டனை. வரிசைக்கு நடுவில் உளுந்து, தரையை மூடிக்கொள்ள. ஆட்டுக்கிடை போட்டால் புழுக்கையோடு என்ன விதை வந்தது என்று பார்க்கிறேன். வரப்பில் பார்த்தீனியம் பூக்கும் முன் அறுத்துவிடுகிறேன். இருபதாம் நாள் பவர் வீடர், நாற்பதாம் நாளுக்குள் கைக்களை. அதற்கு உன் அம்மா மிச்சமிருக்கிற அஞ்சு பேரைக் கூட்டி வருகிறாள். அடைமழையில் காலே வைக்க முடியாத வருடம் மட்டும் மருந்து, அதுவும் வரிசையோரம் மட்டும், அதற்கென்று தனி டேங்கில். அதை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. இதில் எதுவும் அதிசயம் இல்லை. எல்லாம் எனக்கு இருபது வயதிலேயே தெரியும்.

இவ்வளவும் தெரிந்த நான் உன்னை ஏன் அதே கடைக்கு அனுப்பினேன்? நீ கேட்கமாட்டாய். நானே கேட்டுக்கொள்கிறேன். படிப்பு முடித்து வீட்டில் சும்மா இருக்கிறாயே என்று பொறுமை இல்லாமல் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் "உங்க பையனுக்கு இல்லாத வேலையா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டேங்க் இன்னும் ஒன்றுதானா என்று கேட்கவில்லை.

இன்று சனிக்கிழமை. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஏலாக்குறிச்சி போனேன். உனக்கு இப்படி எழுது அப்படி எழுது என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. வீட்டில் சவரிமுத்துவின் சம்சாரம் இருந்தார். "கல்லறைத் திருநாளு வருதுல்ல, சுத்தம் பண்ணப் போயிருக்காரு" என்று கைகாட்டினார். அவருடைய அப்பா அம்மா கல்லறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். மனிதர் குந்தி உட்கார்ந்து ஒரு கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அட, மருந்து சாரு! வா தம்பி. இந்த அருகம்புல்லு புடுங்கப் புடுங்க வருது. இதுக்கு ஒண்ணு எழுதிக் குடேன், படிச்சவனாச்சே" என்றார். கல்லில் பெயரைப் பார்த்தேன். அருளப்பன். போன வருடம் மஞ்சள் காமாலையில் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. கடையை விட்ட பிறகு அந்தப் பக்கத்துச் செய்தி எதுவும் என் காதுக்கு வரவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். டேங்க், முந்தின நாள் அது போய் வந்த வயல், மேற்கு ஓரத்து எட்டு வரிசை, ஒரே ஒரு தத்துப்பூச்சி, எல்லாம். அவர் புல் பிடுங்குவதை நிறுத்தவில்லை. முடித்ததும் கேட்டார்: "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"அன்னிக்கே தெரியுங்கண்ணே."

"அன்னிக்கேவா." மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பூச்சின்னு சொன்ன பாரு, அத நான் நம்பல. 'இருக்கலாம்'ன பாரு, அதத்தான் நம்புனேன். ஏன்னா அது என் வாயில வந்தது. நீ சும்மா தலைய ஆட்டுன. தலையாட்டுறதுக்கு எதுக்குய்யா படிப்பு?" பிறகு கல்லறைக் கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். "ஆஸ்பத்திரியில கெடந்தான். எங்க அண்ணன் வந்தானான்னு கேட்டானாம். நான் போவல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "ஏங்கிட்டச் சொல்லி ஆவப்போறது ஒண்ணுமில்ல. அவன் பொண்டாட்டி ஸ்டெல்லா இருக்கா, புள்ளைங்க இருக்கு. என் புருசன் பொய் சொல்லலன்னு இத்தன வருசமா ஒத்தையில சொல்லிக்கிட்டு நிக்கிறா. நான் போயிச் சொன்னா எனக்கு வக்காலத்து வாங்குனாப்ல ஆயிடும். நீ வா. கல்லறைத் திருநாளன்னிக்கு சாமியாரு மந்திரிச்சு முடிச்சதும் எல்லாரும் இங்கதான் நிப்போம். எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டுப் போ."

"வரேங்கண்ணே."

"வரணும். இப்பக் கெளம்பு. வூட்டுக்கு வந்து டீ குடின்னு சொல்லமாட்டேன்."

திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போது உன் இரண்டாவது போன். அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன். வளர்மதி இன்றைக்குக் கடைக்கு வந்தார் என்றாய். அவருடைய வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து போனில் திட்டுகிறார், குத்தகையை விட்டுவிடச் சொல்கிறார், மச்சினர்கள் பொம்பளை வெள்ளாமை இப்படித்தான் என்று சிரிக்கிறார்கள் என்றாய். "அந்த அக்கா, 'நாந்தான் மருந்து மூடி அளவக் கூட்டி ஊத்திட்டேன் போலருக்கு தம்பி'ன்னு அழுவுதுப்பா" என்றாய். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். இழுத்து இழுத்துச் சொன்னாய்: "இருக்கும்க்கா-ன்னேன்."

எனக்கு அப்போது உன்னை அறைய வேண்டும் போல் இருந்தது. உன்னிடம் அந்த வார்த்தையை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சவரிமுத்து கதையை உனக்கு இன்றுதான் சொல்கிறேன். அப்படியும் அது உன் வாயில் வந்துவிட்டது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் வரும் போலிருக்கிறது. டேங்கை வாங்கி வந்தது நல்ல காரியம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரிப்பேர் என்று சொல்லி வாங்கி வந்தாய். பயிரைக் காப்பாற்றிவிட்டு அவரை மாட்டிவிட்டாய்.

சீட்டில் உண்மையை எழுதினால் வேலை போகும். நிச்சயம் போகும், முதலாளியை எனக்குத் தெரியும். போனால் போகட்டும் என்று தைரியமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் போகவிடவில்லை. இங்கே வந்தால் மூன்று ஏக்கர் இருக்கிறது, என்னோடு தினமும் சண்டை இருக்கிறது. வேறு கடைக்குப் போனாலும் சரி, நல்ல கடைகளும் இருக்கின்றன, இரண்டு டேங்க் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை நீ பார்த்துக்கொள். நான் மறுபடி யாருக்கும் போன் செய்யமாட்டேன்.

ஆனால் சீட்டு திங்கட்கிழமைக்குத்தான். வளர்மதி விஷயம் அதற்கு முன்னால். இதைப் படித்து முடித்ததும், உன் அம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வயலுக்குப் போ. அவரை மேற்கோ கிழக்கோ, அவர் முதல் டேங்க் அடிக்க ஆரம்பித்த ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. எந்த வரிசை மோசம், எது தேவலை என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல். வளைந்த நுனியைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர் காட்டி, கொஞ்சம் யூரியாக் கரைசல் அடித்துவிட்டு, அதுவும் வேறு டேங்கில், புதுத் துளிருக்குக் காத்திருக்கலாம் என்று சொல். லேசாக அடிபட்ட வரிசைகள் தேறும், முதல் வரிசைகளுக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் மறைக்காதே. இனிமேல் இதற்கு எந்த மருந்தும் வாங்க வேண்டாம் என்று சொல். அவர் திட்டுவார். உன் சட்டையைப் பிடித்தாலும் பிடிப்பார். உன் அம்மா குறுக்கே வரமாட்டாள், நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருடைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டுத் தரச் சொல்லி, அவரிடமும் நீயே பேசு. மச்சினர்கள் அங்கே நின்றால் இன்னும் நல்லது, சத்தமாகச் சொல்.

இத்தனைக்கும் முன்னால், வரப்பில் கால் வைத்ததும், வணக்கத்துக்குக்கூடக் காத்திருக்காமல் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அளவு நீங்க சரியாத்தான் ஊத்துனீங்கக்கா. டேங்க் எங்களுது."